நெடுமொழியும் நார்ப்பெட்டியும்

தென்கோடிக் கற்கள் – 14

சென்ற இதழில் 1741 ஆகஸ்டு மாதத்தில் நின்றிருந்தோம். குளச்சல் கரையில் டச்சுக்காரர் திருவிதாங்கூர் அரசர் மார்த்தாண்ட வர்மாவின் படையிடம் தோற்றார்கள். சிறைப்பட்டவர்களில் ஒருவர் யூஸ்டாக்கியஸ் டி லனாய். பிடித்த அரசனுக்கே படை பழக்கி, கோட்டை கட்டி, 'வலிய கப்பித்தான்' என்று பேரெடுத்தவர். அவர் மேற்பார்வையில் புதுப்பித்துக் கட்டப்பட்டவற்றில் தெற்கே கடலோரம் நிற்பது வட்டக்கோட்டை. இந்த வாரம் அந்த மதில்மேல் ஏறி நின்று ஒரு சொல்லைப் பற்றிப் பேசப் போகிறேன். சொல்லுக்கும் கோட்டைக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். இரண்டும் ஒரே இடத்தில்தான் எனக்குப் பிடிபட்டன.

கன்னியாகுமரியிலிருந்து வடகிழக்கே 6 கிலோமீட்டர். அஞ்சுகிராமம் சாலையிலிருந்து கிளை பிரிந்து கடலை நோக்கி இறங்கினால் கோட்டை வாசல். உள்ளே சுமார் மூன்றரை ஏக்கர். மதில் 25 அடி உயரம். முன்பக்கச் சுவரின் கனம் 29 அடி என்று சொல்கிறார்கள். கனம் என்னவென்று மேலே ஏறினால்தான் தெரியும், சுவர் என்ற நினைப்பே வராது, ஒரு தெருவில் நடப்பதுபோல இருக்கும். படிக்கட்டுக்குப் பதிலாகச் சரிவான பாதை போட்டிருக்கிறார்கள். பீரங்கியை உருட்டி மேலேற்ற வேண்டும் அல்லவா? சரிவில் ஏறும்போது கருங்கல்லின்மேல் கையை வைத்துப் பார்த்தேன். காலை பத்து மணி வெயிலில் கல் சூடேறியிருந்தது. உளி கொத்திய புள்ளிகள் விரலுக்குத் தட்டுப்பட்டன. சில கற்களில் மீன் செதுக்கியிருக்கிறது. பாண்டியர் முத்திரை என்று அதைக் காட்டி, கோட்டைக்கு இன்னும் பழைய வயது சொல்பவர்கள் உண்டு. மேலே போனால் கிழக்கே கடல், வடமேற்கே மேற்குத் தொடர்ச்சி மலையின் கடைசி முடிச்சுகள். இங்கே தொடங்கி ஆரல்வாய்மொழி மலைவரை ஒரு காலத்தில் காவல் மதில் ஓடியது. திருவிதாங்கூரின் தெற்கு வாசலை அடைத்து நின்ற மதில் அது. அதன் கடல்முனை வட்டக்கோட்டை.

கோட்டைக்குப் போனதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை கோவிலில் நிருப வாசகம் இரண்டாம் கொரிந்தியர் பதினோராம் அதிகாரம். வாசித்தவர் ஒரு பள்ளிக்கூட மாணவி. 'மேன்மைபாராட்டு' என்ற சொல் திரும்பத் திரும்ப வந்தது. அந்தப் பிள்ளை ஒவ்வொரு தடவையும் அங்கே ஒரு கணம் தடுக்கித் தடுக்கித்தான் கடந்தாள். எனக்கும் சின்ன வயதிலிருந்தே அந்தச் சொல்லில் ஒரு தடுக்கல் உண்டு. பெருமை பேசக் கூடாது என்று வீட்டில் சொல்லிக் கொடுத்தார்கள். கோவிலில் போய் உட்கார்ந்தால் பவுல் அப்போஸ்தலர் பக்கம் பக்கமாக மேன்மைபாராட்டுகிறார். தன்னை மட்டம் தட்டியவர்களுக்குப் பதிலாக நானும் கொஞ்சம் பாராட்டிக்கொள்கிறேன் என்கிறார், இது புத்தியீனம் என்று அவரே சொல்லிக்கொள்கிறார், சொல்லிவிட்டுத் தொடர்கிறார். பீத்தல், ஜம்பம், தம்பட்டம், சவடால் என்று நம்மிடம் இதற்கு எத்தனையோ சொற்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றையும் எடுக்காமல் மொழிபெயர்த்தவர்கள் ஏன் 'மேன்மைபாராட்டு' என்று எழுதினார்கள்?

கிரேக்க மூலத்தில் வினைச்சொல் 'கௌகாஓமாய்'. அந்தச் செயலுக்குப் பெயர் 'கௌகேசிஸ்'. அப்படி நிமிர்ந்து பேசுவதற்குக் காரணமாகக் கையில் இருக்கும் பொருளுக்குப் பெயர் 'கௌகேமா'. இந்தக் குடும்பத்துச் சொற்கள் புதிய ஏற்பாட்டில் ஏறத்தாழ 60 இடங்களில் வருகின்றன. மிகப் பெரும்பாலானவை பவுலின் எழுத்தில். அவற்றில் கிட்டத்தட்டப் பாதி இரண்டாம் கொரிந்தியர் என்ற ஒரே நிருபத்தில் குவிந்திருக்கின்றன. வெற்றுச் சவடாலுக்குக் கிரேக்கத்தில் தனிச்சொல் இருக்கிறது, 'அலசோனேயா'. ஊர் ஊராகச் சுற்றி இல்லாததை இருப்பதாகச் சொல்லி ஏமாற்றுகிற ஆளின் பேச்சு அது. தமிழ் வேதாகமம் அந்தச் சொல்லடியில் வரும் ஆளை 'வீம்புக்காரர்' என்கிறது. சரியான தேர்வு. கௌகேசிஸ் அப்படிப்பட்டதல்ல. அதற்குள் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. ஒருவன் எதன்மேல் காலூன்றி நின்றுகொண்டு தலையை நிமிர்த்துகிறான் என்பதைப் பொறுத்து அது புண்ணியமாகவோ பாவமாகவோ ஆகிறது.

இது பவுலாகக் கண்டுபிடித்ததும் இல்லை. எபிரேய வேதத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் ஒரு எபிரேயச் சொல்லுக்கு ஈடாக இதை வைத்தார்கள். 'ஹலல்' என்பது வேர். புகழ்வது என்று பொருள். நாம் பாடும் 'அல்லேலூயா'வில் இருக்கும் அதே வேர்தான். அந்த வினையைத் தன்மேல் திருப்பி ஆளும்போது பெருமைபாராட்டுதல் ஆகிவிடும். துதியும் தற்புகழ்ச்சியும் ஒரே வேரில் முளைத்தவை! எரேமியா ஒன்பதாம் அதிகாரத்தில் இந்தச் சொல்லை வைத்துத்தான் ஞானியையும், பலசாலியையும், செல்வனையும் வரிசையாக நிறுத்தி, உங்கள் அறிவையும் பலத்தையும் பணத்தையும் காட்டி நிமிராதீர்கள் என்று தீர்க்கதரிசி சொல்கிறார். நிமிரவே வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. ஆண்டவரை அறிந்திருக்கிறேன் என்பதைச் சொல்லி நிமிருங்கள் என்கிறார். பவுல் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டு நிருபங்களிலும் அந்த இடத்தை எடுத்துக் காட்டுகிறார்.

இப்போது தமிழுக்கு வருவோம். 'பாராட்டு' என்ற வினையை நாம் இன்றைக்குப் பெரும்பாலும் மெச்சுவதற்கே வைத்துக்கொண்டிருக்கிறோம். பாராட்டு விழா, பாராட்டுக் கடிதம். ஆனால் இந்தச் சொல்லுக்கு இன்னொரு புழக்கம் இன்னும் சாகவில்லை. உறவு பாராட்டுகிறான், உரிமை பாராட்டுகிறான், பகை பாராட்டுகிறான், சாதி பாராட்டுகிறான் என்கிறோமே, அங்கே பேச்சு இரண்டாம் பட்சம். ஒன்றைப் பெரிதென்று பிடித்துக்கொண்டு, அதன்படி நடந்து, மற்றவரும் அதை ஒத்துக்கொள்ள வேண்டும் என்று நிற்பதுதான் அந்தப் பாராட்டுதல். வாயே திறக்காமல் சாதி பாராட்ட முடியும். திண்ணையில் எங்கே உட்காருவது, எந்தச் சொம்பில் தண்ணீர் கொடுப்பது என்பதிலேயே பாராட்டிவிடலாம். கௌகேசிஸ் என்பதும் இதேதான். நாவைவிட நிலைதான் அதில் முக்கியம். எதை என் மேன்மை என்று பிடித்துக்கொண்டு நிற்கிறேன்? 'மேன்மைபாராட்டு' என்று எழுதியவர்கள் அகராதியைப் பார்த்து எழுதியதாகத் தோன்றவில்லை. தமிழை உள்ளிருந்து கேட்டவர்கள் எழுதிய சொல் இது.

சீகன்பால்கு தரங்கம்பாடியில் 1708-ல் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கத் தொடங்கி 1711-ல் முடித்தார். 1715-க்குள் அச்சேறியது. பிறகு பப்ரீசியுஸ், அவருக்குப் பிறகு பாளையங்கோட்டை இரேனியுஸ், யாழ்ப்பாணத்தில் பெர்சிவல் என்று ஆள் மாறி மாறித் திருத்தினார்கள். பவர் ஐயர் தலைமையில் ஒரு குழு உட்கார்ந்து முடித்த 1871-ஆம் ஆண்டுத் திருப்புதல்தான் இன்றும் சீர்திருத்தச் சபையார் வீடுகளில் இருப்பது. அதைத் திறந்து ரோமர் ஐந்தாம் அதிகாரத்தைப் பாருங்கள். இரண்டு, மூன்று, பதினொன்று ஆகிய மூன்று வசனங்களிலும் கிரேக்கத்தில் ஒரே வினை. 1611-ஆம் ஆண்டின் புகழ்பெற்ற ஆங்கில வேதாகமத்தை ஆக்கியவர்கள் மூன்று இடத்திலும் மூன்று விதமாக எழுதிவிட்டார்கள். ஓரிடத்தில் களிகூருதல், ஓரிடத்தில் மகிமை கொள்ளுதல், இன்னோரிடத்தில் மகிழ்தல் என்று போயிற்று. துன்பத்தைக் காட்டிப் பெருமைபேசுகிறோம் என்று எழுத அவர்களுக்குக் கை வரவில்லைபோலும். தமிழில் மூன்று வசனத்திலும் அதே மேன்மைபாராட்டுதல். உபத்திரவத்திலும் மேன்மைபாராட்டலாம் என்ற அந்த முரட்டுத்தனத்தைத் தமிழ் மழுப்பவில்லை. 1995-ல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் பல இடங்களில் 'மேன்மை'யை விட்டுப் 'பெருமை' என்று மாற்றியது. 'பாராட்டு' என்பதை மட்டும் அது விடவில்லை.

பவுல் இதை எழுதிய ஊரையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். ரோமர் இடித்துப் போட்ட கொரிந்துவை ஜூலியஸ் சீசர் கி.மு. 44-ல் மறுபடி குடியேற்றினார். குடியேறியவர்களில் விடுதலை பெற்ற அடிமைகள் நிறையப் பேர். பிறப்பால் மேன்மை இல்லாதவர்கள் சம்பாதித்து மேன்மை தேடிய ஊர். எனவே எங்கு பார்த்தாலும் கல்வெட்டு. 1929-ல் அங்கே தோண்டியபோது தளக்கல் ஒன்று கிடைத்தது. எரஸ்து என்பவர் பதவி பெற்றதற்கு ஈடாகத் தன் சொந்தச் செலவில் இந்தத் தளத்தைப் போட்டார் என்று அதில் பொறித்திருந்தது. நம் ஊரில் 'உபயம்' என்று எழுதுகிறோமே, அதுதான். அன்றைய உலகத்தின் பெரிய உபயதாரர் பேரரசர் அகஸ்துஸ். நான் இத்தனை முறை வென்றேன், இத்தனை பேருக்கு இவ்வளவு பணம் கொடுத்தேன், இத்தனை கோவில் புதுப்பித்தேன் என்று எண் எண்ணாகச் சொல்லும் அவருடைய சாதனைப் பட்டியல் அங்காராவில் கோவில் சுவரில் இன்றும் நிற்கிறது.

நமக்கு இது புதிதா என்ன? ராஜராஜன் காலம் முதல் சோழர் கல்வெட்டுகளின் தலையில் மெய்க்கீர்த்தி நிற்கிறது. வட்டக்கோட்டையிலிருந்து கூப்பிடு தூரம்போல இருக்கும் கன்னியாகுமரியில் வீரராஜேந்திரனின் 11-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு சோழ வம்சத்தை வரிசையாகச் சொல்கிறது. கோட்டையைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் மயிலாடியில் இறங்கினேன். கல்சிற்பத்துக்குப் பேர்போன ஊர். ஒரு பட்டறையில் திறப்புவிழாக் கல் ஒன்றுக்கு எழுத்து வெட்டிக்கொண்டிருந்தார்கள். பெரியவர் ஒருவர் தூசியைத் துடைத்துவிட்டுச் சொன்னார்:

"எல்லாரும் பேரு பெருசா வேணும்ணுதான் கேப்பாவ அண்ணாச்சி. ஆழமா வெட்டச் சொல்லுகவிய கொறைவு. ஆழத்துக்குக் கூலி கூடும் பாத்தியளா."

தமிழ் இலக்கணம் இந்த விஷயத்தைக் கண்டும் காணாமல் விட்டதில்லை. தொல்காப்பியம் வஞ்சித் திணையில் ஒரு துறைக்கு 'மாராயம் பெற்ற நெடுமொழி' என்று பேர் வைத்திருக்கிறது. அரசன் கையால் சிறப்புப் பெற்ற வீரன் தன் ஆற்றலைத் தானே எடுத்துச் சொல்லும் இடம். நெடுமொழி! பீத்தலுக்கும் இதற்கும் எவ்வளவு தூரம் பாருங்கள். வாங்கிய மாராயம் பின்னால் இருக்கிறது, அதனால் மொழி நீள்கிறது. கொடுத்தவனைச் சொல்லாமல் பெற்றதைச் சொல்ல முடியாத பெருமை அது.

13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூல் பாயிரத்தில் இன்னும் நுட்பமாகப் போகிறார். தன்னைத்தானே புகழ்வது தகாது என்பது பொதுவிதி. ஆனால் புலவனுக்கு நான்கு இடங்களில் விலக்குக் கொடுக்கிறார். அரசவைக்கு ஓலை எழுதும்போது. தன் திறமையை அறியாதவர் நடுவில் நிற்கும்போது. அவையில் வாதாடி வெல்ல வேண்டியிருக்கும்போது. எதிரி தன்னைப் பழித்துப் பேசும்போது. இந்த நாலாவது இடம்தான் பவுல் மாட்டிக்கொண்ட இடம். கொரிந்து சபைக்குள் வேறு போதகர்கள் வந்துவிட்டார்கள். பரிந்துரைக் கடிதம் வைத்திருந்தவர்கள், நாவன்மை உள்ளவர்கள், கூலி வாங்குபவர்கள். பவுல் நேரில் வந்தால் ஆள் சோப்ளாங்கி, பேச்சு ஒன்றுமில்லை, கடிதத்தில்தான் சூரன் என்று அவரை மட்டம் தட்டினார்கள். பவுலுக்கு ஒரு தலைமுறை பின்னால் வந்த கிரேக்க அறிஞர் புளூட்டார்க், பிறர் முகம் சுளிக்காதபடி ஒருவன் தன்னைப் புகழ்வது எப்படி என்று தனிக் கட்டுரையே எழுதினார். பழிக்கு ஆளானவன் தன்னைக் காத்துக்கொள்ளப் பேசலாம் என்கிறார் அவரும். கிரேக்கத்துப் புளூட்டார்க்கும் தமிழ்நாட்டுச் சமண முனிவரும் ஒருவரையொருவர் அறியாமலே ஒரே வாசலைத் திறந்து வைத்திருக்கிறார்கள். படிக்கும்போது எனக்கு மெய்சிலிர்த்தது.

சரி, அனுமதி கிடைத்துவிட்டது. பவுல் என்ன செய்தார்? அகஸ்துஸ்போலவே எண்களைச் சொல்லத் தொடங்கினார். ஐந்து தரம், தரத்துக்கு ஒன்று குறைய நாற்பது அடி. மூன்று தரம் மிலாறடி. ஒரு தரம் கல்லெறி. மூன்று தரம் கப்பல் சேதம். பட்டியலின் உருவம் பேரரசருடையது, உள்ளே இருப்பதெல்லாம் அவமானம். அன்றைய உலகில் அடிவாங்கிய முதுகு அடிமையின் அடையாளம். அதைப் பொதுச்சபையில் வாசிக்கும்படி எழுதி அனுப்புகிறார். பட்டியலுக்கு மேலே முத்தாய்ப்பாக ஒரு சம்பவம் சொல்கிறார். அந்தச் சம்பவத்தை நான் வட்டக்கோட்டை மதில்மேல் நின்றுகொண்டு நினைத்தபோதுதான் முதல்முறையாகப் புரிந்துகொண்டேன்.

தமஸ்கு நகரம். அரேத்தா ராஜாவின் அதிகாரி பவுலைப் பிடிக்க வாசலில் காவல் போட்டிருக்கிறான். நண்பர்கள் இவரை ஒரு கூடையில் உட்காரவைத்து, ஜன்னல் வழியாக மதிலுக்கு வெளியே இறக்கிவிடுகிறார்கள். அவ்வளவுதான் கதை. இதை எழுதும்போது பவுல் கூடைக்கு வைத்த சொல் 'சர்கானே'. கயிறோ நாரோ முறுக்கிப் பின்னிய பெட்டி. நம்முடைய கடற்கரையில் மீன் சுமக்கும் பெட்டியை நினைத்துக்கொள்ளலாம். நான் நின்ற இடத்திலிருந்து கைப்பிடிச் சுவருக்கு வெளியே எட்டிப் பார்த்தேன். 25 அடி. கீழே பாறையும் அலையும். இந்த உயரத்தில் ஒரு நார்ப்பெட்டிக்குள் முழங்காலை மடக்கிக்கொண்டு, மேலே கயிற்றைப் பிடித்திருப்பவர்களின் கையை நம்பி, சுவரில் தோள் உரச உரச இறங்குகிற மனிதரை நினைத்துப் பார்த்தால் வயிறு சில்லிடும். ராத்திரி வேறு.

ரோமப் படையில் 'மதில் முடி' என்று ஒரு விருது உண்டு. எதிரியின் கோட்டை மதில்மேல் முதலாவதாக ஏறியவனுக்குக் கொடுக்கும் பொன்முடி. அதன் விளிம்பு மதில்போலவே செய்யப்பட்டிருக்கும். கொரிந்து ரோமக் குடியேற்றம். மதிலில் முதலில் ஏறியவன் யார் என்ற பேச்சின் எடை அங்கே குழந்தைக்கும் தெரியும். நம் உழிஞைத் திணையும் மதில்மேல் ஏறியவர்களுக்கு இடம் வைத்திருக்கிறது. அப்படிப்பட்ட ஊராரிடம் போய் பவுல், மதிலிலிருந்து முதலில் கீழே இறங்கியவன் நான் என்கிறார். கயிறு பிடித்தவர்கள் இல்லாவிட்டால் நான் இல்லை என்பதுதான் அவருடைய கௌகேமா. வேத ஆராய்ச்சியாளர் சிலர் இந்த மதில் முடித் தொடர்பை எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். எனக்கு அது சரியென்றே படுகிறது. இல்லாவிட்டால் அத்தனை அடிகளையும் கப்பல் சேதங்களையும் சொன்ன பிறகு, உயிருக்கு ஒரு கீறலும் படாத இந்தக் கூடைக் கதையைக் கடைசியாக வைக்கக் காரணமே இல்லை.

நம் மதிலுக்குத் திரும்புகிறேன். இதைக் கட்டவைத்த அரசனும் மேன்மை எதில் என்ற கேள்வியை ஒரு நாள் எதிர்கொண்டவர்தான். 1750 ஜனவரியில் மார்த்தாண்ட வர்மா தன் நாடு முழுவதையும் பத்மநாபசுவாமிக்கு எழுதிக் கொடுத்து, உடைவாளைச் சன்னிதியில் வைத்து எடுத்து, இனி நான் பத்மநாபதாசன் என்றார். திருப்படித்தானம் என்பது அதன் பேர். அரசியல் கணக்கு அதில் உண்டுதான். ஆனாலும் அரசன் என்ற பட்டத்தைவிட அடியான் என்ற பட்டம் பெரிது என்று இந்த நாடு ஏற்றுக்கொண்டதே, எரேமியாவின் வாக்கியத்தை நாஞ்சில் நாட்டார் புரிந்துகொள்ள அதைவிட நல்ல பாதை கிடையாது.

அதே அரசன் காலத்தில், அதே காவல் மதில் முடியும் ஆரல்வாய்மொழியில்தான் இன்னொரு மேன்மை அழிக்கப்பட்டது. நட்டாலத்து நீலகண்ட பிள்ளை, 1712-ல் பிறந்தவர், அரண்மனை உத்தியோகஸ்தர், டி லனாயின் நண்பர். சொந்த வாழ்க்கையில் அடி விழுந்தபோது டி லனாய் அவருக்கு யோபுவின் கதையைச் சொன்னார் என்பார்கள். 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். பிறகு உத்தியோகம் போயிற்று. எருமைமேல் ஏற்றி, எருக்கம்பூ மாலை போட்டு ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். குலத்தின் மேன்மையைத் தெருத்தெருவாக உரித்தெடுக்கிற தண்டனை அது. 1752 ஜனவரி 14 அன்று காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15-ல் ரோமில் புனிதராக அறிவித்தபோது அவர் பேரில் 'பிள்ளை' இல்லை. கோரிக்கைகள் வந்ததால் அதற்கு முன்பே திருச்சபை அதை எடுத்துவிட்டிருந்தது. எருமை ஊர்வலம் உரிக்க நினைத்தது பட்டத்தைத்தான். இருநூற்றெழுபது ஆண்டுக்குப் பிறகு சபை தானாகவே அதைக் கழற்றி வைத்தது.

அந்தக் காவல் மதில் எத்தனை நாள் நின்றது? டி லனாய் இறந்து 32 ஆண்டுகூட நிற்கவில்லை. வேலுத்தம்பி தளவாய் கும்பினிக்கு எதிராக எழுந்தபோது, கர்னல் செயின்ட் லெகரின் படை ஆரல்வாய்மொழிக்கு வந்தது. மேஜர் வெல்ஷ் ஒரு பிரிவைக் கூட்டிக்கொண்டு இரவில் மலைப்பக்கமாக ஏறினார். 1809 பிப்ரவரி 10, விடியும்போது காவல் மதில் அவர்கள் கையில். சில நாளில் உதயகிரியும் பத்மநாபபுரமும் சண்டையில்லாமல் திறந்தன. வெல்ஷ் 1830-ல் தம் ராணுவ நினைவுகளைப் புத்தகமாகப் போட்டார். மதில் ஏறியவனின் நெடுமொழி அதில் இருக்கிறது, ஏறியது உண்மைதான் என்பதால் அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். வேலுத்தம்பி அந்த ஆண்டே மண்ணடியில் உயிரை விட்டார். அவர் உடலைக்கூடத் திருவனந்தபுரத்தில் தூக்கிக் காட்டினார்கள்.

மதில் விழுந்த அதே 1809-ல் சில மைல் தள்ளி, மயிலாடியில் ஒரு சின்னக் கோவிலுக்குக் கல் நாட்டினார்கள். தென்திருவிதாங்கூரில் சீர்திருத்தச் சபையாரின் முதல் கோவில். அதைக் கட்டக் காரணமான மனிதர் சாம்பவர் குலத்தில் பிறந்த மகாராசன். சிதம்பரத்துக்கு யாத்திரை போனவர், தஞ்சாவூரில் கிறிஸ்துவைப் பற்றிக் கேட்டு, வேதமாணிக்கம் என்ற பேரோடு ஊர் திரும்பினார். அவர் அழைப்பில்தான் பிரஷ்ய நாட்டு மிஷனரி ரிங்கல்தௌபே 1806 ஏப்ரலில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக உள்ளே வந்தார். யாருக்குத் தெருவில் நடக்கவும் தோளில் துணி போடவும் உரிமை இல்லையோ அவர்கள் அந்தக் கோவிலில் உட்கார்ந்தார்கள். மற்றவர்கள் சாதி பாராட்டிய நாட்டில், மேன்மைபாராட்ட உங்களுக்கும் ஒரு காரணம் இருக்கிறது என்ற பேச்சு அவர்கள் காதில் எப்படி விழுந்திருக்கும்! பெருமைபேசாதே என்று அவர்களுக்கு யாரும் உபதேசிக்க வேண்டியிருக்கவில்லை. அவர்கள் நிமிர்ந்தே பழகாதவர்கள். கௌகேசிஸ் அவர்களுக்கு முதுகெலும்பாக வந்தது. அங்கே தொடங்கிய நிமிர்வுதான் தோள்சீலைப் போராட்டமாக வளர்ந்து, 1859 ஜூலை 26-ஆம் தேதி அரச அறிவிப்பு வரைக்கும் போனது. அந்தக் கதை தனி அத்தியாயம்.

உதயகிரிக் கோட்டைக்குள் டி லனாயின் கல்லறை இருக்கிறது. 1777 ஜூன் 1 அன்று இறந்தார். கல்லில் லத்தீனும் தமிழும். ஏறத்தாழ 37 ஆண்டு அரசருக்கு விசுவாசமாகப் பணிசெய்தார், காயங்குளம் தொடங்கிக் கொச்சிவரை எல்லா நாடுகளையும் ஆயுத பலத்தாலும் அச்சத்தாலும் பணியவைத்தார் என்பது லத்தீன் வாசகத்தின் பொருள். நன்றாக, ஆழமாக வெட்டிய எழுத்து.

ரிங்கல்தௌபே சம்பளத்தில் பெரும்பகுதியைக் கொடுத்துவிடுவார். 1816-ல் உடம்பு முடியாமல் திருவிதாங்கூரை விட்டுப் புறப்பட்டபோது அவரிடம் போட்டுக்கொள்ள ஒழுங்கான கோட்டு இல்லை. தலையில் நம்மூரில் பின்னிய வைக்கோல் தொப்பி. புறப்படுமுன் மயிலாடிக் கோவிலில் வேதமாணிக்கத்தை ஆராதனைப் பீடத்தருகே அழைத்து, தன் வெள்ளை அங்கியைக் கழற்றி அவருக்குப் போட்டுவிட்டு, சபையை அவர் கையில் கொடுத்தார். பிறகு இலங்கைக்குப் போய் அங்கிருந்து கிழக்கே கப்பலேறினார். அதற்கப்புறம் அவரிடமிருந்து கடிதமோ அவரைப் பற்றிய செய்தியோ இந்தக் கரைக்கு வரவில்லை.

(தொடரும்)